நிதியும் சல்லியமும்

புதையல் தேடும் ஜோதிடத்தில் ‘சல்லியம்’ என்றொரு வார்த்தை உண்டு. முள், தைத்து நின்றுவிட்ட அம்பின் முனை, உடம்புக்குள் இருக்கக்கூடாமல் இருந்துவிட்ட பொருள் என்று அதற்கு அர்த்தம். மனை பார்க்கிறவர்கள் நிலத்துக்குள் கிடக்கும் எலும்பையும் கரியையும் அந்தப் பெயரால் சொல்கிறார்கள். வடமொழி மரபில் அஹிபல சக்கரம் என்று ஒரு கட்டம். அஹி என்றால் பாம்பு. ஏழுக்கு நான்காக 28 அறைகள் போட்டு, 27 நட்சத்திரங்களோடு அபிஜித்தையும் சேர்த்து, பாம்பு வளைந்து கிடக்கும் ஒழுங்கில் நிரப்புகிறார்கள். பாதி நட்சத்திரங்கள் சூரியன் பங்கு, பாதி சந்திரன் பங்கு. சந்தேகப்படும் இடத்தின் மேல் கட்டத்தை விரித்ததாக வைத்துக்கொண்டு, கேள்வி பிறந்த நேரத்தில் சூரியனும் சந்திரனும் எந்தப் பங்கில் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சந்திரன் பங்கில் என்றால் நிதி. சூரியன் பங்கில் என்றால் சல்லியம்.

இந்த இரட்டை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பூமிக்குள் இருப்பது பொன், அல்லது எலும்பு. சாஸ்திரம் இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் வைத்திருக்கிறது. தோண்டப் போகிறவன்தான் ஒன்றை லாபம் என்றும் மற்றதை விக்கினம் என்றும் பிரித்துக்கொள்கிறான். பொன்னை வைத்தது யார், எலும்பு யாருடையது என்கிற கேள்விகளுக்கு 28 அறைகளில் ஒன்றிலும் இடமில்லை. உண்டா, எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று கேட்கலாம். யார் என்று கேட்க முடியாது. நான் எழுத நினைப்பது இந்த இல்லாமையைப் பற்றி.

மேடைப் பகுத்தறிவு இந்த விஷயத்தை ஒரு சிரிப்பில் முடித்துவிடும்: நட்சத்திரம் எங்கே, கொல்லைப்புறம் எங்கே? சரிதான். அந்தச் சிரிப்புக்குப் பிறகும் கிரகணத்து ராத்திரிகளில் மண்வெட்டியோடு ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், பேராசை கூடாது என்கிற உபதேசம். அது பாடப்புத்தகத்தோடு நிற்க வேண்டியது. இரண்டுமே என் கேள்வியைத் தொடவில்லை. ஒரு காரியம் பொய்யாக இருப்பதால் தவறாகிறதா, அல்லது மெய்யாகவே பலித்தாலும் தவறாகவே இருக்குமா? சக்கரம் நூற்றுக்கு நூறு பலிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கட்டம் சொன்ன அறையில் தோண்டினால் சொன்ன ஆழத்தில் குடம். அப்போதும் என் ஆட்சேபம் நிற்கும் என்பது என் கட்சி.

முதலில் கிரகணம். அதைப் போலப் பொதுவான சம்பவம் வானத்தில் அபூர்வம். பூமியின் நிழலில் சந்திரன் மறைவதும், சந்திரன் சூரியனை மறைப்பதும்தான் கிரகணம் என்று ஆர்யபடன் 499ஐ ஒட்டிய வருஷங்களிலேயே எழுதிவிட்டான். உஜ்ஜயினியில் 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரன் பிருஹத் சம்ஹிதையில் ராகுவுக்கென்று ஒரு அத்தியாயம் ஒதுக்குகிறான். ராகு என்ற பாம்பு விழுங்குகிறது என்பவர்களோடு வாதாடி, காரணம் நிழல்தான் என்று நிறுவுகிறான். நிறுவியபின் அதே அத்தியாயத்தில், எந்த மாதத்தில், எந்தத் திசையிலிருந்து, என்ன நிறத்தில் பிடித்தால் யாருக்கு என்ன கேடு என்று பலன்களை வரிசையாக அடுக்குகிறான். நிழலுக்குப் பலன் எப்படி வரும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் வெளியே சொல்லவில்லை. இந்தியாவைப் பற்றி 1030 வாக்கில் எழுதிய அல்பிரூனிக்கு இது உறுத்துகிறது. அடுத்த நூற்றாண்டுக்காரனான பிரம்மகுப்தன் மேல் அவருக்கு இன்னும் அதிகக் கோபம்: கணக்கு தெரிந்த மனிதன், உண்மை தெரிந்த மனிதன், ஊரோடு ஒத்துப்போவதற்காக ராகுவை ஒப்புக்கொள்கிறான். சாக்ரடீஸுக்கு நேர்ந்தது தனக்கும் நேரக்கூடாது என்ற பயமோ என்று அல்பிரூனி சந்தேகப்படுகிறார். எனக்கு இது பயம் மட்டும் என்று படவில்லை. காரணம் தெரிவது ஒரு பசி. அர்த்தம் வேண்டும் என்பது வேறொரு பசி. முதலாவது தீர்ந்தால் இரண்டாவது தீர்ந்துவிடும் என்ற எதிர்பார்ப்புக்கு ஆதாரம் இல்லை.

ஆனாலும் வராகமிகிரனுக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டும். அவனுடைய கிரகணம் அரசர்களோடும் ஜனங்களோடும் மழையோடும் விளைச்சலோடும் பேசுகிறது. ஒருத்தனுடைய வீட்டுப் புழக்கடையைப் பார்த்துக் கண் சிமிட்டவில்லை. அந்த வீழ்ச்சி பிற்பாடு வந்தது. கிரகண வேளையில் செய்த ஜபம் பலமடங்காகும், அப்போது கூட்டிய மை பூமிக்குள் இருப்பதைக் காட்டும், காப்புக்கட்டி அப்போது பிடுங்கிய வேர் பூதத்தைக் கட்டும் என்று மந்திரவாதம் பொது நிழலைத் துண்டு போட்டுத் தனித்தனியாக விற்க ஆரம்பித்தது.

1825இல் பாண்டிச்சேரியில் ஜான் வாரன் என்ற ஐரோப்பியர் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கரை உட்கார்த்தி, அந்த வருஷம் மே மாதக் கடைசியில் வந்த சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். கணக்கர் காகிதம் கேட்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். மனப்பாடமாக இருந்த வாக்கியங்களை முணுமுணுத்தபடி சோழிகளை நகர்த்தினார். விடை ஆரம்பத்துக்கு 4 நிமிஷம், மத்திக்கு 23, முடிவுக்கு 52 என்ற அளவில்தான் பிசகியது. அதே ஆண்டு சென்னையில் அச்சான ‘கால சங்கலித’வில் வாரன் இதைப் பதிவு செய்திருக்கிறார். வானவியலின் கொள்கைகள் எதுவும் அந்தக் கணக்கருக்குத் தெரியாது என்பது அவருடைய அபிப்ராயம். இருக்கலாம். எனக்கு அந்தச் சோழிகள் போதும். சூரியனும் சந்திரனும் பூமியும் திண்ணையில் சோழிகளாகக் கிடக்கின்றன. கிடைக்கும் விடை ஊருக்கெல்லாம் பொது. பஞ்சாங்கத்தில் அச்சாகிற நேரம் எல்லோருக்கும் தெரிந்த நேரம். எல்லோருக்கும் தெரிந்த நேரத்தில் எனக்கு மட்டும் கதவு திறக்கும் என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறது?

இலக்கணத்தில் சொன்னால் நான்காம் வேற்றுமையிலிருந்து. ‘புதையல் இருக்கிறது’ என்பது ஒரு தகவல். சரியாகவோ தப்பாகவோ இருக்கலாம். ‘எனக்குப் புதையல் இருக்கிறது’ என்பது தகவல் அல்ல, பாத்தியதை. இந்த ‘கு’வை ஜாதகம்தான் கொண்டுவந்து ஒட்டுகிறது. நிதி யோகம் உள்ளவனுக்குக் குடம் தானே மேலே வரும், இல்லாதவன் திறந்தால் பொன் கரியாகும், தேளாகும், குடம் மண்ணுக்குள்ளேயே நகர்ந்து பக்கத்து மனைக்குப் போய்விடும். கிராமத்தில் வளர்ந்த எவரும் இவற்றைக் கேட்டிருப்பார்கள். ஒரு சாஸ்திரம் பரிசோதனையிலிருந்து தப்பிக்கச் செய்கிற தந்திரம் என்று இதை விளக்கிவிட முடியும். அதைவிட மோசமான காரியம் ஒன்று இதற்குள் நடக்கிறது. வைத்தவனின் உரிமை சத்தமில்லாமல் ரத்தாகிறது. எவனோ கலகத்துக்கும் கொள்ளைக்கும் பயந்து, திரும்பி வருவோம் என்று நம்பிப் புதைத்தான். திரும்பி வரவில்லை. அந்தத் திரும்பாமைதான் புதையல். யோகம் என்ற வார்த்தை அந்த மனிதனை அழித்துவிட்டு, அவன் பதினைந்து தலைமுறைக்கு முன்னாலேயே எனக்காகத்தான் வைத்தான் என்று எழுதுகிறது.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த வருஷங்களில், எங்கள் தெருவில் பாகம் பிரியாமல் கிடந்த ஒரு வீட்டில் இந்தக் காரியம் நடந்தது. மலையாளத்திலிருந்து ஒருவர் வந்து கட்டம் போட்டார். சந்திர கிரகணத்து ராத்திரி தொழுவத்தை ஒட்டித் தோண்டினார்கள். இடுப்பளவு ஆழத்தில், வாயை ஓடு வைத்து மூடிய சின்னப் பானை. கையெல்லாம் நடுங்க அதைத் தூக்கியிருக்கிறார்கள். உள்ளே நொறுங்கிப்போன சிறு எலும்புகள். வந்தவர் சல்லியம் என்றார். எல்லைக்கு வெளியே எறிந்துவிட்டு மேலும் தோண்டச் சொன்னார். அந்த வீட்டில் ஒண்டியாக இருந்த கிழவி அப்போதுதான் எழுந்து வந்தாளாம். “ஏல, அதத் தூரப் போடாத. அது எங்க மைனி பிள்ள. பேரு வைக்கதுக்கு முந்தியே போயிட்டு.” அறுபது வருஷமாக அந்த இடம் அவளுக்குத் தெரியும். தொழுவத்துக்குப் போகும்போதெல்லாம் ஒரு எட்டு விலகித்தான் நடப்பாள் என்று என் அம்மா பிற்பாடு சொன்னாள். அவளை யாரும் கேட்கவில்லை, நட்சத்திரத்தைக் கேட்டார்கள். பானை திரும்ப மண்ணுக்குள் போயிற்று. தோண்டுவதும் நின்றது. வெட்கப்பட்டு அல்ல, கிரகணம் விட்டுவிட்டது. காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் நான் எட்டிப்பார்த்தபோது கிழவி அந்த ஈர மண்ணின் மேல் சாணம் தெளித்துக்கொண்டிருந்தாள்.

சக்கரம் பலித்ததா இல்லையா? சல்லியம் என்று சொன்னால் சல்லியம் இருந்ததே என்று ஒருவர் என்னிடம் வாதாடியதுண்டு. பலித்தது என்றே நானும் ஒப்புக்கொள்ளத் தயார். பலித்த சாஸ்திரம் அந்தப் பானைக்கு வைத்த பெயர் சல்லியம். கிழவி வைத்த பெயர் பிள்ளை. என் ஆட்சேபம் முழுக்க இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் இருக்கிறது.

இதே வராகமிகிரன், பூமிக்குள் ஒளிந்திருக்கும் இன்னொன்றைத் தேடுவதற்கும் ஒரு நீண்ட அத்தியாயம் எழுதியிருக்கிறான். தண்ணீர். நாவல் மரத்துக்குக் கிழக்கே அருகில் புற்று இருந்தால், மரத்துக்குத் தெற்கே இரண்டு ஆள் ஆழத்தில் இனிப்பான தண்ணீர் உண்டு என்கிற மாதிரியான குறிப்புகள். இன்ன மரம், இன்ன கல், இன்ன நிற மண், வெட்டும்போது நடுவில் தென்படும் தவளை. இவற்றில் எத்தனை சரி என்று நிலவியல்காரர்கள் சொல்லட்டும். எனக்குக் கண்ணில் படுவது பார்வை நிற்கிற இடம். தண்ணீர் தேடுகிறவன் குனிந்து, தன் முன்னால் இருப்பதைப் பார்க்கிறான். மரம் அவனை உத்தேசித்து நிற்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். புதையல் தேடுகிறவன் அண்ணாந்து பார்க்கிறான். பார்ப்பது என்னவோ தன்னைத்தான். (தோண்டிய கிணறு எல்லோருக்கும் பொதுவாக இருந்ததா என்று கேட்டால் நம் தேசத்தில் தலைகுனியத்தான் வேண்டும். அது வேறு கட்டுரை.)

பாத்தியதை வந்துவிட்டது, பொருள் கைக்கு வரவில்லை என்றால் நடுவில் யாரோ தடுக்கிறார்கள் என்று ஆகிறது. அவன் பெயர் பூதம். பூதம் காவு கேட்கும். தலைச்சன் பிள்ளை, சூலி என்று கதைகள் நீளும். இது கதை மட்டும் அல்ல. நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20இல் புனேயில் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, அந்த டிசம்பரில் மகாராஷ்டிரம் நிறைவேற்றிய நரபலி ஒழிப்புச் சட்டத்தின் அட்டவணையில், விலையுயர்ந்த பொருள்களையும் நீர் ஊற்றுகளையும் தேடுவதற்காகச் செய்யும் கொடுமைகளுக்கும் ஒரு வாசகம் இருக்கிறது. தண்ணீருக்காகவும் காவு கொடுத்திருக்கிறார்கள் என்பது சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. தேடும் பொருளைவிடத் தேடும் மனத்தில்தான் விஷயம். தென்பாண்டி வில்லுப்பாட்டில் வரும் பொன்னிறத்தாள் சூல்கொண்டவள். கள்வர் கையில் அகப்பட்டுக் காளிக்குப் பலியாகிறாள். ஜனங்கள் கோயில் கட்டியது அவளுக்கு. பலியிட்டவர்களுக்குக் கிடைத்த பொருள் என்ன ஆயிற்று என்பதில் பாட்டைக் கேட்பவர்களுக்கு அக்கறை இல்லை. எழுத்தறியாதவர்கள் என்று நாம் சொல்கிற சமூகம், யார் என்ற கேள்வியை இவ்வளவு பிடிவாதமாகக் கேட்டு வைத்திருக்கிறது.

தாகூர் 1890களின் தொடக்கத்தில் எழுதிய ‘சம்பத்தி சமர்ப்பண்’ என்ற கதை இந்த இடத்தில்தான் கத்தியை வைக்கிறது. கருமியான ஒரு கிழவன், வீட்டை விட்டு ஓடிவந்த ஒரு பையனை நிலவறைக்குள் பூஜை செய்து உயிரோடு அடைக்கிறான். பையன் இறந்து யக்ஷனாகி அவன் சொத்தைக் காக்க வேண்டும். என்றாவது தன் பேரன் வந்தால் ஒப்படைக்க வேண்டும். பையன்தான் அந்தப் பேரன். கதை சாமர்த்தியமாகத் திருப்பப்பட்டது என்று நம் விமர்சகர்கள் சிலர் குறைசொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சடங்கு சுத்தமாக நடக்கிறது. சொத்தும் உரியவனிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது. கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுதான்.

சொல்லாமல் விட முடியாத இன்னொன்று. சிறுபத்திரிகை விமர்சனத்திலும் அஹிபல சக்கரம் போடுகிறவர்கள் உண்டு. கவிதையை மனையாக வைத்து, மேலே ஒரு கோட்பாட்டுக் கட்டத்தை விரித்து, இந்த அறையில் ஆழ்மனம், இந்த அறையில் தொன்மம் என்று கடப்பாரையை இறக்குகிறார்கள். பொன் கிடைத்தால் விமர்சகரின் யோகம். கிடைக்காவிட்டால் கவிஞன் சல்லியம். கவிதையை எழுதியது யார், எந்தப் பயத்தில் எதைப் புதைத்தான் என்ற கேள்விக்கு அங்கேயும் அறை இல்லை.

கௌடில்யனுக்கு இந்த விஷயத்தில் மயக்கமே கிடையாது. ஓயாமல் நட்சத்திரம் கேட்டுக்கொண்டிருக்கும் பாலிசனை விட்டுப் பொருள் விலகிப் போகும் என்கிறான். எதிரி அரசனைக் கோட்டைக்கு வெளியே இழுக்க அவன் சொல்லும் உபாயங்களில் ஒன்று, துறவி வேஷத்தில் ஒற்றனை அனுப்பிப் புதையல் காட்டுவது. பாம்பு காக்கிறது, இத்தனை ராத்திரி பூஜை வேண்டும் என்று சொல்லி அங்கேயே தங்கவைப்பது. புதையல் ஆசை மனிதனை எவ்வளவு எளிதில் கொல்லக்கூடிய இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும் என்று அவன் அறிந்திருந்தான். அறிந்து, பயன்படுத்திக்கொண்டான். தார்மிகம் அவன் சரக்கு அல்ல.

2013 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் டவுண்டியா கேடா என்ற கிராமத்தில் அரசாங்கமே தோண்டியது. 1857 கலகத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட ராஜா ராவ் ராம் பக்ஷ் சிங், ஒரு சாமியாரின் கனவில் வந்து, கோட்டைக்குக் கீழே 1000 டன் பொன் இருப்பதாகச் சொன்னாராம். தொல்லியல் துறை 18ஆம் தேதி வேலையைத் தொடங்கியது. தொலைக்காட்சிக்காரர்கள் முகாமிட்டார்கள், தின்பண்டக் கடைகள் முளைத்தன. கிடைத்தவை பானை ஓடுகள், வளையல் துண்டுகள், ஆணிகள். ஒன்றும் இல்லை என்று ஜனங்கள் கலைந்து போனார்கள். அந்த வளையலைப் போட்டிருந்தவள் யார் என்று கேட்கத் தெரிந்தவனுக்கு அது ஒன்றும் இல்லாதது அல்ல. தூக்கில் தொங்கிய மனிதனை நினைத்துப் பார்க்க நமக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. பொன்னின் எடையைச் சொல்லும் தரகராக அவரைக் கனவில் வரவழைத்தோம்.

வேடிக்கை என்னவென்றால், நான் இவ்வளவு நேரம் தேடிக்கொண்டிருக்கும் கேள்வியைக் கேட்கிற ஒரே சாஸ்திரம் வெள்ளைக்காரன் எழுதிய 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதை எடுத்தாலும் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். கலெக்டர் விளம்பரம் கொடுத்து, உரிமை கோருகிறவர்கள் வரலாம் என்று ஒரு தேதி போட வேண்டும். 100 வருஷத்துக்குள் யாராவது புதைத்தது என்று தெரிந்தால், அந்தப் புதைத்தவன் வழி வந்தவர்கள் கோர்ட்டுக்குப் போக அவகாசம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஒருவரும் இல்லை என்று தீர்ந்த பிறகுதான் எடுத்தவனுக்கு முக்கால், நிலத்துக்காரனுக்குக் கால். கருணையால் எழுதப்பட்ட சட்டம் அல்ல இது. கஜானாவில் ஒரு கண் வைத்துத்தான் எழுதியிருப்பார்கள். இருந்தாலும் ஒரு கச்சேரிச் சுவரில் ஒட்டிய அறிவிப்பு, இதை வைத்தவர் யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிடுகிறது. சக்கரத்துக்கு அந்த மரியாதை தெரியவில்லை.

1946 பிப்ரவரியில், பரத்பூர் சமஸ்தானத்தில் பயானாவுக்குப் பக்கத்தில், ராஜாவின் வேட்டைக் கூட்டம் சுட்டுவிட்டுப் போன இடத்தில் கிராமத்துப் பிள்ளைகள் காலித் தோட்டாக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு செப்புப் பானை தட்டுப்பட்டது. குப்தர் காலத்துப் பொற்காசுகள், சுமார் 2100. பிறகு அரசாங்கத்தால் மீட்க முடிந்தது 1821. மீதியைக் கிராமத்தில் உருக்கியிருந்தார்கள். குப்த நாணயங்களைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பதில் பெரும்பங்கு அந்த 1821இலிருந்து வந்தது. பானையை வைத்தவன் ஹூணர்களின் படைக்குப் பயந்து வைத்திருக்கலாம் என்று அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். அந்த மூடியை அவன் மூடிய அன்று வானத்தில் என்ன நட்சத்திரம் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் தேடியது தோட்டாவின் பித்தளையை.